சாரத்தில் இருக்கும் சுகம் சட்டையில் இல்லை

மும்பைப் புழுக்கத்துக்கும் தக்காணத்து அனலுக்கும் நடுவே உழைத்து, ஊருக்குப் போய்வரும் மாட்டுங்கா லேபர் கேம்ப் தமிழர்களுக்கு எந்தச் சட்டை பொருந்தும்?

மாலை ஏழு மணிக்கு மேல் மாட்டுங்கா லேபர் கேம்பின் சந்துகளுக்கு ஆண்கள் வேலையிலிருந்து திரும்பத் தொடங்குகிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் நடக்கும் முதல் காரியம், முதுகோடு ஒட்டிக் கிடக்கும் சட்டையை உரித்து ஆணியில் மாட்டுவது. இரண்டாவது, பேண்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாரத்தைக் கட்டுவது. (நெல்லைச் சீமையில் சாரம், மற்றவர்களுக்குக் கைலி அல்லது லுங்கி.) பிறகு வாசற்படியில் வந்து உட்கார்ந்தால் உடம்பில் கொஞ்சம் காற்றுப் படுகிறது.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. இடுப்பில் கட்டிய சாரம் பெரும்பாலும் பருத்தி. குறுக்கும் நெடுக்குமாக ஒன்று விட்டு ஒன்று நூல் கோத்த சாதாரண நெசவு. லேசானது, தளர்வானது, வியர்வையை உறிஞ்சக்கூடியது. ஆணியில் தொங்கும் சட்டையோ பாலியெஸ்டர், அல்லது பாலியெஸ்டர் பெரும்பங்கு கலந்த துணி. வெயிலில் சுமை தூக்கும்போதும் கூட்டம் நெரியும் மின்ரயிலில் நிற்கும்போதும் உடம்பில் இருப்பது இந்தச் சட்டை. நிழலில் ஓய்வாக உட்காரும்போது மட்டும்தான் வெயிலுக்கேற்ற அந்தத் துணி.

கோடைக்கு எப்படிப்பட்ட சட்டை வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு ஏப்ரலிலும் பத்திரிகைகள் எழுதுகின்றன. மலையேறப் போகிறவர்களையும் கோவாவுக்குச் சுற்றுலா போகிறவர்களையும் மனத்தில் வைத்துத்தான் அவற்றில் பெரும்பாலானவை எழுதப்படுகின்றன. தாராவியை ஒட்டி, ரயில்வே பணிமனைக்குப் பக்கத்தில், திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேபர் கேம்பில் வெளியில் போவது என்பது பொழுதுபோக்கு அல்ல. துப்புரவு, கட்டடம், சுமை, பட்டுவாடா என்று அங்கே அதற்கு வேலை என்றுதான் அர்த்தம். நல்ல சட்டை யாருக்காவது மிகவும் தேவை என்றால் அது இவர்களுக்குத்தான்.

சட்டை விஷயத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்கள் 2023 ஏப்ரல் 16-ஆம் தேதியை நினைத்துப் பார்க்கலாம். நவி மும்பையின் கார்கரில் மகாராஷ்டிர பூஷண் விருது வழங்கும் விழா திறந்த மைதானத்தில் நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் மணிக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். வெப்பத் தாக்குதலில் 14 பேர் இறந்துபோனார்கள். அன்று அந்த வட்டாரத்தில் பதிவான வெப்பம் சுமார் 38 டிகிரிதான். வேலூர்க்காரருக்கும் நாகபுரிக்காரருக்கும் அது ஒரு சாதாரண நாள். அடுத்த வருடம் 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்கப்போன கூட்டத்தில் 5 பேர் உயிரிழந்தார்கள். சட்டை மாற்றியிருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. நிழல், தண்ணீர், ஓய்வு ஆகியவற்றுக்குப் பிறகுதான் துணி. ஆனால் இரண்டு சம்பவங்களும் நடந்தது கடலோரத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். கடலோர வெயிலின் குணம் வேறு.

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முறை வியர்வை. ஆனால் வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது. வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதே ஒரு லிட்டர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் போவது தண்ணீரும் உப்பும்தான். வெப்பம் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக மறுக்கிறது.

இதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் கிடைக்கும் அளவு. ஈரக் குமிழ் வெப்பநிலை என்பார்கள். மும்பையில் மே மாதத்தில் 34 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் இந்த அளவு 28 டிகிரியைத் தாண்டிவிடும். 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள உள்நாட்டு ஊரில் இது 23 டிகிரிக்குக் கீழே. சோலாப்பூர்க்காரர் 40 டிகிரியில் சமாளித்துவிடுகிறார், மும்பைக்காரர் 34-லேயே திணறுகிறார் என்றால் காரணம் இதுதான். ஈரக் குமிழ் அளவு 35 டிகிரியைத் தொட்டால் மனித உடம்பு தாங்காது என்று 2010-ல் கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்த சோதனை (2022) அந்த எல்லையை 31-ஐ ஒட்டிக் கீழே கொண்டுவந்தது. மும்பையின் 28 அந்த எல்லையிலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை. தகரக் கூரைக்கு அடியில் தையல் இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியும் ஓடும் அறையில் அந்தத் தூரம் இன்னும் குறைவு.

ஆகவே மும்பைக்கான சட்டையிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான். வியர்வையைத் தோலிலிருந்து எடுத்துப் பரப்புகிறதா? காற்றை உள்ளே விடுகிறதா?

முதல் கேள்விக்கு விடை தேட அதிக தூரம் போக வேண்டாம். லேபர் கேம்பிலிருந்து மத்திய ரயில்வே தண்டவாளத்தைத் தாண்டினால் மரங்கள் அடர்ந்த கிழக்கு மாட்டுங்கா. அங்கே 1924-லிருந்து ஒரு கூடம் பஞ்சை அளந்துகொண்டிருக்கிறது. இந்தியப் பருத்திக் குழு தொடங்கிய அந்தத் தொழில்நுட்பக் கூடம்தான் இன்றைய மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். பஞ்சு இழையின் நீளம் எவ்வளவு, மென்மை எவ்வளவு, எந்த நம்பர் நூல் நூற்கலாம் என்று நாடு முழுவதிலுமிருந்து வரும் பருத்தி ரகங்களைச் சோதித்துச் சொல்லும் இடம். சற்றுத் தள்ளி, ஜவுளிப் பொறியியல் சொல்லித்தரும் வி.ஜே.டி.ஐ. 1923-ல் பைகுல்லாவிலிருந்து மாட்டுங்காவுக்கு இடம் மாறியது. 1933-ல் தொடங்கிய பல்கலைக்கழக ரசாயனத் தொழில்நுட்பத் துறையின் முதல் பாடங்களில் ஒன்று ஜவுளி ரசாயனம். துணியைப் பற்றி இந்தியாவுக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இந்த ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தண்டவாளத்தைத் தாண்டி வந்ததுதான் குறைவு.

பாடப் புத்தகம் சொல்வது இது: 100 கிராம் உலர்ந்த பருத்தியைச் சாதாரண ஈரக்காற்றில் வைத்தால் 8 கிராம் போல ஈரத்தை இழுத்துக்கொள்ளும். லினன் 12 கிராம் வரை போகும். ரேயான் எனப்படும் விஸ்கோஸும் ஏறக்குறைய அப்படியே. பாலியெஸ்டர் இழுப்பது அரை கிராம்கூட இல்லை, 0.4 கிராம். பாலியெஸ்டர் இழை அடிப்படையில் பிளாஸ்டிக் பாட்டிலின் உடன்பிறப்பு. வியர்வை அதற்குள் போகாது. துணி நெருக்கமாக நெய்யப்பட்டிருந்தால் தோலுக்கும் துணிக்கும் நடுவே தேங்கி நிற்கும்.

அப்படியானால் இந்தத் துணி எப்படி இத்தனை முதுகுகளில் ஏறியது? 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரண்டு ரசாயனக்காரர்கள் கண்டுபிடித்து, 'டெரிலின்' என்று பெயர் சூட்டப்பட்ட இந்த இழை, 1960-களில் மும்பையை அடுத்த தாணேயில் 'டெரீன்' என்ற பெயரில் தயாராகத் தொடங்கியது. பம்பாயிலிருந்து ஊருக்கு வந்தவர் டெரிலின் சட்டை போட்டிருந்தால் தெருவே திரும்பிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. கசங்காது, சாயம் போகாது, பத்து வருஷம் உழைக்கும். பிறகு டெரிகாட்டன் வந்தது. 1982-ல் ரிலையன்ஸ் பாதாள்கங்காவில் பாலியெஸ்டர் நூல் ஆலையைத் தொடங்கியது. அதே 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மும்பையின் பருத்தி ஆலைகள் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பருத்தி நகரம் பாலியெஸ்டர் நகரமானதற்கு இதைவிடப் பொருத்தமான வருடம் கிடைக்காது.

ஆனால் பாலியெஸ்டரை வாங்கும் லேபர் கேம்ப்காரரை விவரம் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய கணக்கு வேறு. குழாயில் தண்ணீர் வருவது குறிப்பிட்ட நேரம். துணி காயப்போட இருப்பது சந்தின் குறுக்கே கட்டிய ஒரு கயிறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அந்த நாட்களில் கனமான பருத்திச் சட்டை காய இரண்டு நாள் ஆகும். காய்ந்தாலும் ஒரு வாடை போகாது. இரவு துவைத்தால் காலையில் போட்டுக்கொள்ளலாம், இஸ்திரி வேண்டாம், சீக்கிரம் கிழியாது என்றால் பாலியெஸ்டர் அவருக்கு வசதிதான். துவைப்பதற்குள்ள வசதிக்காக அணிவதற்குள்ள சுகத்தை விட்டுக்கொடுக்கிறார்.

இந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், 26 பேரை ஒரு மணி நேரம் உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்கள் சட்டைகளை ஒரு நாள் கழித்து முகர்ந்து பார்த்தார்கள். (அதற்கென்றே பயிற்சி பெற்ற மூக்குகள்!) பருத்தியைவிடப் பாலியெஸ்டரில் நாற்றம் கூடுதல் என்பது முடிவு. வாடை உண்டாக்கும் ஒருவகை நுண்ணுயிர் பாலியெஸ்டரில் செழித்து வளர்ந்தது, பருத்தியில் வளரவில்லை. மின்ரயிலில் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டுக்காரர்கள் போடும் ஜெர்சியும் பாலியெஸ்டர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1986-ல் டூபாண்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'கூல்மேக்ஸ்' போன்ற இழைகளின் மேற்பரப்பில் நீளவாக்கில் பள்ளங்கள் உண்டு. இழை ஈரத்தைக் குடிக்காது. ஆனால் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்தப் பள்ளங்கள் வழியாக வியர்வை வெளிப்பக்கம் பரவும். ஓடுகிறவருக்கு எதிர்க்காற்று கிடைக்கும், வியர்வை சட்டென்று ஆவியாகும். கபடிக்கும் கால்பந்துக்கும் சந்துபொந்தாகப் பின்னிய இந்த ஜெர்சிகள் சரியானவைதான். நடைபாதைக் கடையில் பளபளவென்று தொங்கும் ஜெர்சியெல்லாம் அப்படிப்பட்டதல்ல. உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உடனே பரவினால் ஜெர்சி. முத்துப்போல உருண்டு நின்றால் வெறும் பிளாஸ்டிக் உறை.

இழையைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. விளம்பரங்கள் அதைப் பேசுவதில்லை. துணி எவ்வளவு மெல்லியது, எவ்வளவு இடைவெளிவிட்டு நெய்யப்பட்டது என்பதுதான் அது. தடித்த பருத்தி ஜீன்ஸ் துணியில் தைத்த சட்டையைவிட மெல்லிய கலப்புத் துணிச் சட்டை மும்பையில் சுகமாக இருக்கும். துணி வியாபாரிகள் எடையை ஜி.எஸ்.எம். என்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. மல், வாயில் ரகங்கள் 60 முதல் 80 கிராம். பாப்ளினும் கேம்பிரிக்கும் 100-லிருந்து 120. ஆக்ஸ்போர்டு, ட்வில் எல்லாம் 140-க்கு மேலே. மும்பைக்கு 120-ஐத் தாண்ட வேண்டியதில்லை. மெல்லிய பருத்திக்கு இன்னொரு லாபம்: குடிக்கும் தண்ணீரும் குறைவு என்பதால் மழைக்காலத்திலும் ஓரளவு சீக்கிரம் காயும். பாலியெஸ்டர்காரரின் முக்கியமான வாதம் இங்கே பாதி அடிபட்டுவிடுகிறது.

நூலின் நம்பரும் கவனிக்க வேண்டியது. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்பதுதான் அந்த எண். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் நூலில் நெய்த துணி காற்றைப்போல இருக்கும். விலை கூடும், முள்ளில் பட்டால் கிழியும். 40-ஆம் நம்பர், உழைப்பவர்களுக்கு நடுத்தரமான தேர்வு.

கட்பீஸ் கடையில் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? சொல்ல மாட்டார்கள். கிங்ஸ் சர்க்கிளின் காந்தி மார்க்கெட்டிலும் சரி, தெற்கே மங்கள்தாஸ் மார்க்கெட்டிலும் சரி, 'ப்யூர் காட்டன்' என்ற சொல்லுக்கு இலக்கணம் கொஞ்சம் நெகிழ்ச்சியானது. வாங்குபவரிடமே சோதனைக் கருவிகள் இருக்கின்றன. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நூல்களுக்கிடையே புள்ளிப் புள்ளியாக ஒளி தெரிய வேண்டும். உதட்டில் வைத்து ஊதினால் மறுபக்கம் வைத்த கைக்குக் காற்று எட்ட வேண்டும். ஓரத்தில் இரண்டு நூலை உருவிக் கொளுத்தினால், பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். ரேயானும் காகிதம்போலவே எரியும். அதையும் வாங்கலாம்; வழவழப்பாக, ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் நனைந்தால் பலம் இழக்கும், துவைக்கத் துவைக்கச் சுருங்கும். கல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டுக்கு அது ஆகாது.

மெல்லிய நூல், சாதாரண நெசவு, பருத்தி என்று அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் வந்து நிற்கும் இடம் நம்முடைய கட்டம் போட்ட சாரத் துணிதான். உலகம் இதைக் கண்டுபிடித்து வெகுகாலமாகிறது. 'மெட்ராஸ் செக்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவின் கோடைச் சட்டை ஆனது தமிழ், ஆந்திரக் கடலோரத் தறிகளின் துணி. இதில் மும்பைக்கும் ஒரு பங்கு உண்டு. 1958-ல் ஓர் அமெரிக்க இறக்குமதியாளர் மும்பையில் கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் இந்தத் துணியை வாங்கினார், பச்சைத் தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, நியூயார்க்கின் புகழ்பெற்ற ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் விற்ற சட்டைகள் முதல் துவைப்பிலேயே சாயம் விட்டன என்பது ஜவுளி உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. வழக்குப் போடத் துடித்தவர்களைச் சமாளிக்க, சாயம் போவதையே பெருமையாக்கி விளம்பரம் செய்தார்களாம். 'சாயம் போகும் என்று உத்தரவாதம்!' லீலா ஓட்டல்களைப் பின்னாளில் கட்டிய அதே நாயர்தான். சாயம் போனதற்கு நம்மூரில் கடைக்காரரின் சட்டையைப் பிடித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அமெரிக்கப் பணக்காரர்கள் படகில் போகும்போது அணிந்த துணியை நம்மவர் வீட்டுக்குள் இடுப்பில் மட்டும் கட்டுவதற்குக் காரணம் கௌரவம். கைலித் துணியில் சட்டை போட்டால் கேலி. கலர் கொஞ்சம் அடங்கிய கட்டத்தில் தைத்தால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

துணிக்கு அடுத்தது தையல். தாராவியிலும் அதைச் சுற்றியும் ஆயத்த ஆடைப் பட்டறைகள் ஏராளம். சட்டை எங்கே காற்று விடும், எங்கே விடாது என்பது அந்தப் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் தைப்பது ஆர்டருக்கு. ஆர்டரோ இப்போது 'ஸ்லிம் ஃபிட்'. உடம்பைக் கவ்விப் பிடிக்கும் சட்டைக்கு எவ்வளவு நல்ல துணி போட்டும் பயனில்லை. தளர்வான சட்டை ஒரு துருத்தி. நடக்கும்போதும் கையை வீசும்போதும் உள்ளே இருக்கும் ஈரக்காற்றைக் கழுத்து வழியாகவும் கைவழியாகவும் தள்ளிவிட்டு, வெளிக்காற்றை இடுப்புப் பக்கமாக இழுத்துக்கொள்ளும். இந்தத் தத்துவத்தைத்தான் ஜப்பானியர்கள் 2004-லிருந்து விற்கிறார்கள். இடுப்பருகே இரண்டு சிறு மின்விசிறிகள் பொருத்திய, பாட்டரியில் ஓடும் மேற்சட்டை. அங்கே கட்டடத் தொழிலாளிகளின் முதுகெல்லாம் பலூன்போல உப்பியிருப்பதைப் பார்க்கலாம்.

விசிறி இல்லாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. மார்புச் சுற்றளவில் நான்கைந்து அங்குலம் கூடுதலாக விடச் சொல்லலாம். முதுகில் ஒரு பாக்ஸ் பிளீட். கை இணையும் இடத்தில் இறுக்கமில்லாத வெட்டு. பேண்டுக்குள் செருகாமல் வெளியே விட ஏற்றவாறு நேர் விளிம்பும் பக்கவாட்டில் பிளவும். காலருக்குள் ஒட்டும் கேன்வாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கழுத்தில் வியர்க்குரு பாதி குறையும். தோளில் யோக் இரட்டைத் துணியாக வருவது வழக்கம். சுமை தூக்குபவர் அதை மாற்றக்கூடாது. முதலில் கிழியும் இடம் அது. மற்றவர்களுக்கு ஒற்றையே போதும். 'அண்ணாச்சி, ஒடம்புல ஒட்டாம லூஸா தைங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் புரிந்துகொள்ளாத தையல்காரர் லேபர் கேம்பில் இருக்க முடியாது.

கஞ்சி பற்றியும் சொல்ல வேண்டும். கஞ்சி போட்ட சட்டைக்கு ஒரு மிடுக்கு உண்டு. அந்தக் கஞ்சி நூல்களுக்கிடையே உள்ள சந்துகளைத்தான் அடைக்கிறது. துணியை மிருதுவாக்கும் என்று இப்போது வாளியில் கலக்கிற வாசனைத் திரவமும் அப்படியே. இழைமேல் மெழுகுப் படலம்போலப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கிறது. நல்ல துணியை வாங்கி வந்து வீட்டில் கெடுத்துக்கொள்ளும் வழிகள் இவை.

இவ்வளவும் தன் சட்டையைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடியவர்களுக்கு. மிக அதிகமாக வியர்ப்பவர்களில் பலருக்கு அந்த உரிமை கிடையாது. மோட்டார் சைக்கிளில் சாப்பாடும் மளிகையும் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்களின் முதுகில் இருப்பது நிறுவனத்தின் பெயர் அச்சடித்த பாலியெஸ்டர் டி-சட்டை; அதற்கு மேல் முதுகை முழுக்க மூடும் பை. காவலாளியின் சீருடை கனத்த டெரிகாட்டன், முழுக்கை, பூட்ஸ். சாலை வேலைக்காரர் சட்டைக்கு மேல் மின்னும் பட்டை வைத்த இன்னொரு அங்கி. பட்டை உயிரைக் காப்பது, அது வேண்டும்; பட்டையைத் தைத்த துணி வலைத்துணியாக இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சீருடைக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் சாயம் நிற்குமா, எத்தனை துவைப்புத் தாங்கும், விலை என்ன என்று கேட்கிறார்கள். எத்தனை ஜி.எஸ்.எம்., காற்று எவ்வளவு போகும் என்பவை சுலபமாக அளக்கக் கூடியவை. அளக்கும் வசதி மாட்டுங்காவிலேயே இருக்கிறது.

வளைகுடா நாடுகளுக்குப் போன தமிழர்கள் இதன் இன்னொரு முனையைப் பார்த்தவர்கள். உடம்பு முழுவதையும் மூடும் ஒற்றை உடுப்புதான் அங்கே கட்டடத் தொழிலாளியின் சீருடை. உடுப்பை மாற்றுவதைவிட நேரத்தை மாற்றுவது மேல் என்று அந்த அரசுகள் முடிவு செய்தன. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. கத்தார் 2021-ல் இதைக் காலை 10 முதல் மாலை 3.30 வரை நீட்டித்தது. அதோடு, வெயில், ஈரம், காற்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்றது. மும்பையின் பட்டுவாடா இளைஞருக்கு மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை ஆர்டர்கள் குவியும் நேரம்.

மே மாதம் பள்ளி விடுமுறை. லேபர் கேம்பில் ஊருக்குப் போகும் பருவம். சட்டைக்கு அப்போது வேறு சோதனை. மும்பையிலிருந்து இரவில் கிளம்பும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் புணே, சோலாப்பூரைத் தாண்டி மறுநாள் பகலில் ராய்ச்சூர், குந்தக்கல் வட்டாரத்தில் ஓடுகிறது. குளிர்வசதி இல்லாத படுக்கைப் பெட்டியின் ஜன்னல் வழியாக 40 டிகிரியில் அனல் காற்று. இங்கே மும்பைக் கணக்கு தலைகீழாகிறது. தோலின் வெப்பம் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருந்தால் அது உடம்பிலிருந்து வெப்பத்தை எடுக்காது, உடம்புக்குள் ஏற்றும். 40 டிகிரிக்கு மேல் மின்விசிறியே உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கிறது. மும்பையில் நல்லதென்று சொன்ன அரைக்கைச் சட்டையும், பலர் ரயிலில் ஏறியதும் மாறிக்கொள்ளும் கட்பனியனும் இங்கே சரிப்படாது. தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டை, கையை மடக்காமல். அதைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. உலர்ந்த காற்றில் அது மண்பானையின் வேலையைச் செய்யும். ஜன்னலோர இருக்கையில் ஈரத்துண்டைக் கட்டித் தொங்கவிடும் பழக்கம் முழு விஞ்ஞானம்.

பாலைவனத்து பெதுவின் மக்கள் இதில் நமக்கு முன்னோடிகள். அவர்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று 1980-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. கறுப்புத் துணி வெயிலை அதிகம் உறிஞ்சத்தான் செய்தது. ஆனால் அங்கி தொளதொளவென்று இருந்ததால் அந்த வெப்பம் தோலை எட்டுமுன் காற்றோடு போய்விட்டது. உள்ளே இருந்தவருக்கு வெள்ளை அங்கிக்கும் கறுப்பு அங்கிக்கும் வித்தியாசமில்லை. அழுக்குத் தெரியாது என்று அடர்ந்த நிறச் சட்டை வாங்கும் தொழிலாளிக்கு இது ஆறுதலான செய்தி, சட்டை தளர்வாக இருக்கும்வரை. உடம்போடு ஒட்டும் கறுப்பு டி-சட்டைக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஊர்ப்பக்கம் இதை யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ரயில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தபின் ஜன்னல் வழியாகப் பார்த்தால், வயலில் வேலை செய்யும் பெண்கள் பலர் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். துவைத்துத் துவைத்து நைந்த துணி, இரண்டு அளவு பெரியது, கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை மூடுவது. வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான உடையைப் பெரிய கடைகளில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

மதுரை தாண்டியதும் பெட்டியில் ஒரு பரபரப்பு தொடங்கும். இருக்கைக்கு அடியிலிருந்து பைகள் வெளியே வரும். ஒன்றரை நாள் கரியும் வியர்வையும் குடித்த பழைய சட்டைகள் உருட்டி உள்ளே திணிக்கப்படும். முகம் கழுவி, தலை வாரி, பம்பாயில் வாங்கிய புதுச் சட்டையை உறையிலிருந்து பிரித்து மாட்டிக்கொண்டு, விருதுநகர் வருவதற்குள் எல்லோரும் தயாராகிவிடுகிறார்கள். புதுச் சட்டை அநேகமாக உடம்பைப் பிடிக்கும் பாலியெஸ்டர். மடிப்புக் கலையாமல் திருநெல்வேலி நடைமேடையில் இறங்க அதைவிட்டால் வேறு துணி இல்லை.